பன்னிரண்டாவதாக வாசித்தவள்

மாலையில் ஒரு மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டேன். பி.எட். முடித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறாய் என்று தெருக்காரர்கள் கேட்டார்கள், மறுக்கத் தெரியவில்லை. எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் மூன்றாம் வகுப்பு. என் மகளும் அதில் ஒருத்தி.

அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். பயிற்சி தந்த அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "சொல்லிக்கொடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க. தப்பா வாசிச்சாத் திருத்தாதீங்க, குறிச்சுக்கோங்க. இது பரீட்சை இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு பாக்குறதுதான்." நோட்டில் எழுதிக்கொண்டேன். 'தனியாக' என்பதற்கு அடிக்கோடும் போட்டேன்.

ராஜபாளையம் திரும்பியதும் அந்த அடிக்கோட்டைத்தான் முதலில் மீறினேன். கீழே இருப்பது ஒரே அறை. அதில் என் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ஏறி இறங்கினால் விழித்துவிடுவான் என்று, கொட்டகையிலேயே ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். ஆடு ஒன்று வேலி தாண்டிக் கீரைப் பாத்தியில் நுழைந்த கதை, ஐந்தே வரி. டீச்சர் பிள்ளைக்குத்தான் முதல் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று என் மகளைக் கடைசியாகக் கூப்பிட்டேன்.

அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எழுத்தில் நிற்பவர்களுக்குப் பச்சைப் பாய், சொல் வாசிப்பவர்களுக்கு நீலப் பாய், கதை வாசிப்பவர்களுக்குச் சிவப்புப் பாய் விரித்திருந்தேன். மகள் சிவப்புப் பாயில் போய் உட்கார்ந்தாள். அவள் அப்பாவிடம் அதை இரண்டு முறை சொன்னேன்.

அடுத்த வாரம் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. மாவு புளித்துவிட்டதோ என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மூன்றாம் நாளும் சரியாக ஐந்து மணிக்கு, வகுப்பு தொடங்கும் நேரத்தில், வலித்தது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று வாசிக்கும்போது அவள் வாய் நாலாவது வரியில் இருந்தது. விரல் முதல் வரியிலேயே நின்றது. அதை நான் பார்த்தேன். விரலை நகர்த்த மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன் அதே கதையின் ஐந்து வரிகளையும் தனித்தனியாக வெட்டி, நாலாவதை மட்டும் அவளிடம் நீட்டினேன்.

"இத வாசி, தாயி."

"ஒரு ஆடு வேலி ஓரம் நின்றது," என்றாள். அது முதல் வரி. தாளில் இருந்ததோ தோட்டக்காரர் ஓடி வந்த வரி. வேறு வரியைக் கொடுத்தேன். அதிலும் ஆடு வேலி ஓரமே நின்றது. பதினோரு பேர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?"

"செவப்புப் பாயில உக்காந்ததும் நீ சிரிச்சியே." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "பச்சைக்குப் போனா எல்லாத்துக்கும் தெரிஞ்சிருமாம்மா?"

பால் காய்ச்சப் போனேன். சிவப்புப் பாயிலேயே விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் வீட்டில் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் பால் பொங்கும்வரை யோசித்தேன். ஆனால் அவளுக்கு முன்னால் ஒன்பதாவதாக, பத்தாவதாக வாசித்த பிள்ளைகளும் கேட்டே ஒப்பித்திருந்தால்? முதலில் வாசித்த சிறுமி? எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, திக்கித் திக்கி வாசித்து, பச்சைப் பாய்க்குப் போனவள் அவள். என் மகளை மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்ய முடியாது.

மறுநாள் புதுக் கதை எழுதி, ஒவ்வொருவரையும் கீழே கூட்டிவந்தேன். கைக்குழந்தை விழித்து, மடியிலிருந்து தாளைப் பிடித்து இழுத்தான். இழுக்கட்டும் என்று விட்டேன். நாலு பேருக்குப் பாய் மாறியது. முதலில் வாசித்த சிறுமி சிவப்புக்குப் போனாள். என் மகள் பச்சைக்கு வந்தாள்.

அந்தச் சிறுமியின் அம்மா பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு மகளை அழைத்துப்போக வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மதினி, டீச்சர் பிள்ள பச்சையில, எம்பிள்ள செவப்புலயா? வெயிலு தலைக்கு ஏறிருச்சா ஒங்களுக்கு?"

"நான்தான் தப்பாக் கேட்டுட்டேன், மதினி. எம்மக எழுத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுக்கென்ன? எம்மக ஒரு வாரமா 'க'னாவக் கொஞ்சுனா. இனி ஒம்மக செத்த நேரம் கொஞ்சட்டும்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதமாக என் மகளும் சிரித்தாள். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு வயிற்றுவலிக்காகக் காத்திருந்தேன். அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முன்பே படியேறினாள். பச்சைப் பாயில் உட்கார்ந்து, 'படகு' என்ற சொல்லின் கீழ் விரலை வைத்துக்கொண்டு எம்புட்டு நேரம் பார்த்தாளோ தெரியாது. சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"ப," என்றாள். விரல் 'ப'வின் கீழ்தான் இருந்தது.