நர்ஸம்மா வண்டியில் ஒரு சூடான பெட்டி

அவரை எல்லோரும் ‘ஓட்டை மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு அது வசவு மாதிரி இருக்கும். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் மாட்டுகிற பெட்டியை ஆசை ஆசையாக வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல் அவர் கடைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் புத்தம் புதுப் பெட்டியில் துளை போடுவதுதான் அவர் தொழில். துளை வழியாக வயர் போகும். அப்புறம் பெட்டிக்குள் விளக்கு எரியும், செல்போனுக்குச் சார்ஜ் ஏறும், பிரேக் பிடித்தால் பெட்டியின் முதுகிலும் சிவப்பு விளக்கு எரியும்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். குனிந்தும் மல்லாந்தும் படுத்து வேலை செய்ததில் இடுப்பு போய்விட்டது. “இனிமே பஸ்ஸுக்கு அடியில படுத்தீங்கன்னா, எழுப்பி விடறதுக்கு ஒரு ஆள வெச்சுக்கோங்க” என்று டாக்டர் சொன்ன பிறகுதான், டயர் கடைக்குப் பக்கத்தில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்றை எடுத்தார். நின்றபடி செய்கிற வேலையாக வேண்டும் என்று தேடியபோது இந்தப் பெட்டி வேலை வந்து வாய்த்தது.

துளையிடும் மெஷினை அவர் கையில் எடுத்ததும் வண்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர், மூன்று டீ குடித்துவிட்டு வந்தார். ஆனால் துளையைப் பார்த்த பிறகு யாரும் குறை சொன்னதில்லை. விளிம்பைத் தேய்த்து, ரப்பர் வளையம் போட்டு, ஒரு சொட்டு மழைத் தண்ணீர்கூட உள்ளே போகாதபடி அடைத்திருப்பார்.

அப்படி முகத்தைத் திருப்பாத ஒரே ஆள், ஒரு குளிர்காலக் காலையில் வந்த நர்ஸம்மாதான். மலைமேல் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களுக்கு வண்டியில் போய், பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களை வீட்டிலேயே பார்த்துவிட்டு வருகிற வேலை அவருக்கு. நாற்பது வயது இருக்கும். மெஷின் சுற்றத் தொடங்கியதும் பெட்டி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பயமா இல்லையாம்மா?”

“நான் தினமும் ஊசி போடறவண்ணே. குத்துறதப் பாத்தா எனக்கென்ன பயம்?”

உள்ளே விளக்கு கேட்டார். கையளவு மெஷின் ஒன்றைக் காட்டி, அதற்குச் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“இன்னொண்ணும் வேணும். சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சொல்லுங்கம்மா. ஒருத்தர் பெட்டிக்குள்ள ஃபேன் போடச் சொன்னாரு. அதுக்கே நான் சிரிக்கல.”

“பெட்டி உள்ள கதகதன்னு இருக்கணும்.”

“சாப்பாட்டுக்கா?”

“இல்லண்ணே, ஜெல்லுக்கு. வயித்துல ஜெல்லத் தடவி இந்த மெஷின வெச்சாத்தான் குழந்தையோட நெஞ்சுத் துடிப்பு கேக்கும். மேல ஒரே குளிரு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஜெல்லு ஐஸாயிடுது. தடவினதும் பொண்ணுங்க துள்ளுறாங்க. ஏற்கெனவே பயந்துகிட்டுப் படுத்திருப்பாங்க, அதுல இது வேற.”

மாஸ்டர் துளையிடும் மெஷினைக் கீழே வைத்தார்.

“எவ்வளவு சூடு வேணும்?”

“உடம்புச் சூடு போதும். வெச்சா வெச்சதே தெரியக் கூடாது.”

குளிர்ப் பிரதேசத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் கைப்பிடியில் சுற்றிக்கொள்ளும் சூடாகும் பட்டை அவரிடம் இருந்தது. அதோடு, சூடு அளவை மீறினால் தானாகவே கரண்டை நிறுத்திவிடும் வில்லை ஒன்றையும் தேடி எடுத்தார். ஆனால் ‘உடம்புச் சூடு’ என்பதைக் கடையில் நின்று எப்படிப் பார்ப்பது? ஒரு பழைய பேட்டரி, பட்டை, நர்ஸம்மா கொடுத்த ஜெல் டியூப் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை மேஜையில் பரப்பினார்.

அவர் மனைவி வீட்டில் தையல் வேலை செய்பவர். “அடுப்பு பக்கத்துல இது என்னங்க கூத்து?” என்று கேட்டபடி வந்தார்.

“கையக் கொஞ்சம் காட்டு.”

சூடாக்காத ஜெல்லை முழங்கைக்குக் கீழே ஒரு துளி வைத்தார். மனைவி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். எதற்கு என்று மாஸ்டர் விளக்கிச் சொன்னதும் மனைவியின் முகம் மாறிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனார். துணி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

மாஸ்டருக்குக் காரணம் தெரியாமல் இல்லை. இருபத்தோரு வருஷத்துக்கு முன், ஐந்தாவது மாதத்தில், அவர்களுடைய குழந்தை வயிற்றிலேயே தவறிப்போனது. அதற்குப் பிறகு வேறு குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை. மாடிப்படி வரை போன மாஸ்டர், திரும்பி வந்து பேட்டரியை எடுத்து வைத்தார்.

தன் கையிலேயே தடவித் தடவிச் சூட்டைச் சரிபார்த்து, பெட்டியைத் தயார் செய்தார். வண்டி நிற்கும்போதும் சூடு குறையக் கூடாது என்று, பட்டையை நேராகப் பேட்டரியிலிருந்தே இழுத்திருந்தார். எட்டு நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒன்பதாம் நாள் நர்ஸம்மாவும் அவர் வண்டியும் ஒரு காய்கறி வேனில் ஏறிக் கடைக்கு வந்து இறங்கினார்கள்.

“வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே. பாதி மலையில நின்னுடுச்சு. பேட்டரி சுத்தமா இறங்கிடுச்சுன்னு நெனக்கிறேன்.”

“ஐயையோ. அப்புறம்?”

“ஒரு மணி நேரம் நடந்தே போனேன். ஜெல்லு மட்டும் நல்ல சூடா இருந்துச்சு!”

சொல்லிவிட்டு நர்ஸம்மா சிரித்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மாஸ்டருக்குத் தேவலை. வீடு வீடாக நிறுத்தி நிறுத்திப் போகிற வண்டி. இன்ஜின் நின்ற பிறகும் பட்டை பேட்டரியைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். பணிமனையில் புதிதாகச் சேருகிறவன்கூட இதை யோசித்திருப்பான். இன்ஜின் ஓடும்போது மட்டும் சூடாகும்படி மாற்றிவிடலாம், அது அரை மணி நேர வேலை. ஆனால் வண்டி நின்றால் சூடும் நின்றுவிடும். இரண்டாவது வீட்டுக்குப் போவதற்குள் ஜெல் மறுபடியும் பழைய கதைதான்.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். மனைவி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். முழுதும் கேட்டுவிட்டு மனைவி சொன்னார்:

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? பாலக் காய்ச்சி, பாத்திரத்தத் துணியால சுத்தி வெச்சா ரெண்டு மணி நேரம் ஆறாம இருக்குல்ல? அதுக்கு எந்தக் கரண்டு கொடுக்குறோம்? உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் வயரு.”

மறுநாள் கடைக்கு விடுமுறை. மாஸ்டர் எழுந்து வந்தபோது மனைவி கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க, உங்க பழைய கம்பளி ஜாக்கெட்டு உங்களுக்கு வேணுமா?”

“வேணுமே.”

“வெட்டிட்டேன்.”

கழுத்துப் பட்டையும் உள் கம்பளியும் தனித்தனியாகக் கிடந்தன. கம்பளி உள்ளே, தடித்த துணி வெளியே, நடுவில் சூட்டை விடாத வெள்ளித் தாள் என்று ஒரு பை உருவாகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் எதிரில் உட்கார்ந்து ஊசிகளில் நூல் கோத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, தைப்பதை நிறுத்தாமலே மனைவி பேசினார்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஜெல்லத் தடவினாங்கல்ல. நீங்க வெளியில இருந்தீங்க.”

மாஸ்டரின் கையிலிருந்த நூல் அப்படியே நின்றது.

“ஐஸ் மாதிரி இருந்துச்சுங்க. நான் துள்ளிட்டேன், கட்டிலே ஆடிப்போச்சு. அதுக்கப்புறம்தான் அவங்க தேடித் தேடிப் பாத்தாங்க. முந்தின மாசம் நாம ரெண்டு பேரும் கேட்டோமே, அந்தச் சத்தம் வரவே இல்ல. நான் மட்டும் அப்படித் துள்ளாம இருந்திருந்தா...”

‘உனக்கென்ன பைத்தியமா’ என்று மாஸ்டரின் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார்.

“இத்தன வருஷமா இத மனசுல வெச்சுகிட்டா இருந்த? யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே.”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா?”

ஊசி பிடித்த அந்தக் கையை மாஸ்டர் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். ஊசி குத்தியது. விடவில்லை.

“அந்த நர்ஸம்மா நல்லவங்க. அவங்களக் கேளு. நான் பக்கத்துல இருக்கேன்” என்றார்.

மறுநாள் நர்ஸம்மா வண்டியை எடுக்க வந்தபோது மனைவியும் கடையில் இருந்தார். பையைப் பெட்டிக்குள் வைத்து, நாலு மூலையையும் இழுத்துச் சரி செய்தார். இன்ஜின் ஓடும்போது மட்டும் சூடாகும்படி மாற்றிய பட்டை, பையின் அடியில் பாந்தமாக உட்கார்ந்தது. நர்ஸம்மா உள்ளே கைவிட்டுப் பார்த்து, “அக்கா, எனக்கே இதுக்குள்ள படுத்துக்கணும் போல இருக்கு” என்றார். மனைவி சிரிக்கவில்லை. அடித்தொண்டையில், ஒரே மூச்சில், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்.

நர்ஸம்மா கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். கடை வாசலில் கிடந்த பலகையில் மனைவியை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அக்கா, நான் பதினாறு வருஷமா இந்த வேலை பாக்குறேன். குளிருக்குத் துள்ளாத பொண்ண நான் பாத்ததில்ல. துள்ளினதால எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆனதில்ல. ஆகவும் ஆகாது. அவங்க தேடினப்போ உங்க குழந்தை ஏற்கெனவே போயிருந்துச்சுக்கா. நீங்க துள்ளுறதுக்கு முன்னாடியே.”

“முன்னாடியேவா?”

“முன்னாடியேக்கா. உங்களால இல்ல. அன்னிக்கே யாராவது இத உங்ககிட்ட உக்காந்து சொல்லியிருக்கணும்.”

மாஸ்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே முடுக்கிய திருகாணியைத் தளர்த்தி, மறுபடியும் முடுக்கினார். மனைவி அழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது நர்ஸம்மாவின் தோளில் சாய்ந்திருந்தார். டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாஸ்டர் அவரைக் கையாலேயே போகச் சொன்னார்.

கிளம்பும்போது நர்ஸம்மா, “நாளைக்கு என்கூட வர்றீங்களாக்கா? மலைமேல ஒரு பொண்ணு இருக்கா, ஏழாவது மாசம். அவகிட்ட நான் கேட்டுக்கறேன். உங்க பை எப்படி வேலை செய்யுதுன்னு நீங்களே வந்து பாருங்க” என்றார். மனைவி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஆணியில் தொங்கிய தன் ஹெல்மெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் மனைவி மலைக்குப் போய்விட, நாள் முழுக்க மாஸ்டருக்கு வேலை ஓடவில்லை. ஒரு கூரியர்காரர் பெட்டியில் வயரை மாற்றிக் கொடுத்ததில், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. “மாஸ்டரே, பார்சலுக்கா பிரேக் காட்டுறீங்க?” என்று அவர் கேட்டார். மாஸ்டர் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பச் செய்தார். மூன்று மணியிலிருந்து வாசலிலேயே நின்றார்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. மனைவி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். காற்றில் முகம் சிவந்திருந்தது.

“பை எப்படி?” என்று கேட்டார் மாஸ்டர். கேட்க நினைத்தது அது இல்லை.

“பை நல்லா இருக்கு. மூடி மட்டும் இறுக்கம், ஒரு விரல் அளவு விட்டுத் தைக்கணும்.” பலகையில் உட்கார்ந்தார். “தடவினது நான்தாங்க. நர்ஸம்மா என் கையில குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு கண்ண இறுக்கி மூடிகிட்டுப் படுத்திருந்துச்சு. தடவி முடிச்சுட்டேன். ‘இன்னும் வெக்கலையாக்கா’ன்னு கேக்குது!”

“சத்தம்?”

“கேட்டுச்சு.”

பலகையின் மேல் இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். வேகவேகமாக, ஒரே சீராக. மாஸ்டர் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். மனைவியும் நிறுத்தவில்லை.

நர்ஸம்மா அலுவலகத்தில் சொன்னாரோ என்னவோ, மாதம் முடிவதற்குள் இன்னும் நான்கு நர்ஸுகள் பெட்டியோடு வந்து நின்றார்கள். கடையில் இரண்டாவது மேஜை வந்தது, அதன்மேல் தையல் மெஷின் வந்தது. துளை போடுவதற்கு முன்னால் பை எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை மாஸ்டருக்கு. கேட்காமல் போட்டால் பேச்சு விழுந்தது.

ஒருநாள் மத்தியானம், காலேஜ் முடித்த ஒருத்தன் பெட்டிக்குக் கலர் விளக்கு போட்டுக்கொண்டு போன பிறகு, மனைவி சொன்னார்: “இருந்திருந்தா இருபது முடிஞ்சிருக்கும்ல.”

மாஸ்டர் நிமிர்ந்தார். குழந்தையைப் பற்றி இப்படிச் சாதாரணமாக, வெயிலைப் பற்றிப் பேசுவது போல, மனைவி பேசுவது இதுதான் முதல் தடவை.

“முடிஞ்சிருக்கும். வண்டி வாங்கிக் குடுன்னு என் உயிர எடுத்திருப்பான்.”

“எடுத்திருப்பா.”

“பையன்தான்னு எனக்கு அப்பவே தோணுச்சு.”

“சுமந்தது நானு. பொண்ணு.”

“பையன்டி.”

“பொண்ணுங்க. உங்கள மாதிரியே பிடிவாதக்காரி.”

டயர் கடைக்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்தபோதும் இருவரும் விட்டுக்கொடுக்காமல் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று புரியாமல், டீயை மேஜையில் வைத்துவிட்டு அவரும் சிரித்தார்.