கண்ணை மூடி ஓட்டிய பஸ்

ஹிப்னோதெரபி என்கிற அறிதுயில் சிகிச்சை செய்கிற அவளுக்கு வீட்டில் 'வாசிப்பு டாக்டர்' என்று பட்டப்பெயர். வைத்தவர் கணவர்தான். யார் வந்தாலும், என்ன குறை சொன்னாலும், கண்ணை மூடச் சொல்லி வாசிக்க அவள் கையில் அதே தாள். படி இறங்குவது, கடற்கரை, அலை. ஒரு சொல் பிசகாது. தாள் இல்லாமல் வாயைத் திறந்தால் எதையாவது உளறி, வந்தவர் மனசை இன்னும் கெடுத்துவிடுவோமோ என்று உள்ளூர உதறல்.

அன்று வந்தவர் பஸ் டிரைவர். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு பெரியவர் இவர் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்து மயிரிழையில் தப்பினார். பெரியவர் அதை மறந்தே போயிருப்பார். இவருக்குத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வெடவெடக்கிறது.

"ஓட்ட முடியலன்னா ஆபீஸ்ல உக்காருன்றாங்க மேடம். எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது," என்றார் தழுதழுத்த குரலில்.

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். அவள் வாசித்தாள். மூச்சு சீரானது. ஆனால் அலை வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்தியது. கடற்கரையில் ஏது பிரேக்? மனுஷன் அங்கே வரவே இல்லை, பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

தாளை மடியில் கவிழ்த்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நானும் வரேன். ஏறிக்கவா?"

"உள்ள போய் உக்காருங்கம்மா. படியில நிக்காதீங்க."

சற்றுமுன் தழுதழுத்த குரலா இது? அவருடைய இடது கை கியர் போட்டது. கொஞ்ச நேரம் வண்டி ஓடியது. திடீரென்று முகம் வெளிறியது. திருப்பம் வந்துவிட்டது. அவள் பயணியாகவே கூட உட்கார்ந்திருந்தாள்.

"பெரியவர் நிக்கிறாரு," என்றார். கால் மெல்ல அழுந்தியது. கையை நீட்டினார். "போங்கய்யா. மெதுவாப் போங்க."

காத்திருந்தார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கால் தானாகத் தளர்ந்தது. இதை எந்தத் தாளில் எழுதி வைக்க முடியும்? தன் கண்முன் நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்து வந்தவருக்கும் தாளைத்தான் எடுத்தாள். பழக்கம் லேசில் விடுமா? ஆனால் பார்வை தாளில் நிற்கவில்லை, வந்தவரின் கை காலையே சுற்றியது.

சில வாரம் கழித்து ஒரு மாலை, கூட்டமான பஸ்ஸில் தொற்றி ஏறினாள்.

"உள்ள போங்கம்மா, படியில நிக்காதீங்க."

அதே குரல். ஏறியது யாரென்று டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவர் கண் சாலையில் இருந்தது. அவளும் பேச்சுக் கொடுக்காமல் நகர்ந்தாள். மார்க்கெட் திருப்பத்தில் பையோடு ஒருவர் சாலையில் கால் வைத்தார். பஸ் அலுங்காமல் நின்றது. டிரைவர் கையை நீட்டி வழிவிட்டார்.

தன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை அப்போதுதான் அவள் கவனித்தாள்.