இரும்பு மாத்திரை சாப்பிடுறவங்க யாரு?

குடலைப் பார்க்கிற குழாயை வாய் வழியாகத்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு சின்னத்தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அது பின்பக்கமாகப் போகும் என்று தாதி சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"வா திலகா, போலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

மனைவி திலகவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவளுக்கும் முகமெல்லாம் சூடாகத்தான் இருந்தது. அறையில் இவர்களைத் தவிர ஒரு மலாய்ப் பெரியவரும் அவர் மகளும், ஒரு சீனக் கிழவரும் இருந்தார்கள். முன்னால் நின்ற தாதி ராகினிக்கு மிஞ்சிப்போனால் முப்பது வயது இருக்கும். சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, மருந்து குடித்த பிறகு மலம் எந்தெந்த நிறத்தில் போகும் என்று, துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவளைப் போல விளக்கிக்கொண்டிருந்தாள். முதலில் மலாயில், பிறகு தமிழில்.

"மொத கோப்பி ஓ மாதிரி கறுப்புக் கலரு. அப்புறம் தே தாரேக், பால் டீ கலரு. கடைசியில தண்ணி மாதிரி, அடி தெரியிற மாதிரி போவணும் அங்கிள். கலங்கலா இருந்தா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது. திருப்பி அனுப்பிடுவாங்க, மறுபடியும் மொதல்லேர்ந்து குடிக்கணும்லா."

ஒரு பெண் இதையெல்லாம் நாலு பேர் முன்னால் பேசுவாளா என்று திலகவதி திகைத்துப்போனாள். லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு பத்து பெரண்டாம் என்ற ஊரின் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறியவள் அவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பூதக்கண்ணாடி வழியே பார்க்கிற வேலை. கழிவறைக்குப் போகக் கையைத் தூக்கி லீடரிடம் கேட்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் கேட்கக் கூசி, அடக்கி அடக்கியே பழகிப்போனாள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தக் கூச்சம் விடவில்லை. மஸ்ஜித் தானா என்ற ஊரில் தாமான் குடியிருப்பு வீட்டில், கழிவறைக் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகுதான் உட்காருவாள். வயிற்றுக்குள் நடப்பதைப் பற்றிக் கட்டின புருஷனிடம்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை.

சின்னத்தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். பிரஷர் மருந்து வாங்க கிளினிக்குக்குப் போன இடத்தில் மலத்தைச் சோதித்து, ரத்தம் கலந்திருக்கிறது என்று சொல்லி இங்கே அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே பயத்தில்தான் திலகவதி அவரை வம்படியாக இழுத்து வந்திருந்தாள்.

ராகினி தொடர்ந்தாள். கீரை, பழம், கொட்டை உள்ளது எதுவும் வேண்டாம். கஞ்சி, ரொட்டி, மீன், முட்டை போதும். சிராப் குடிக்கக் கூடாது, சிவப்புத் தண்ணீர் உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

"இரும்பு மாத்திரை சாப்பிடுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும்."

"நான் இல்ல. இவதான் டெய்லி முழுங்குறா" என்றார் சின்னத்தம்பி.

ராகினி திலகவதியைப் பார்த்தாள். வெளிறியிருந்த கீழ் இமையையும் நகத்தையும் அந்தப் பார்வை தொட்டுப் போனது. விளக்கம் முடிந்து மற்றவர்கள் கிளம்பியபோது, "ஆண்டி, நீங்க கொஞ்சம் இருங்க" என்று கதவைச் சாத்தினாள்.

"எதுக்கு இரும்பு மாத்திரை?"

"ரத்தம் கம்மின்னு கொடுத்தாங்க மிஸ்ஸி. ஒரே களைப்பு."

"பீரியட் நின்னு எவ்ளோ நாளாச்சு?"

"அது நின்னு நாலஞ்சு வருஷம் ஆச்சே."

"அப்புறம் ரத்தம் எந்த வழியா கொறையுது? வெளிக்குப் போறப்போ ரத்தம் வருதா ஆண்டி?"

திலகவதி தரையைப் பார்த்தாள். பக்கத்தில் புருஷனின் செருப்புக் கால் ஆடாமல் நின்றது.

"மூலந்தான் மிஸ்ஸி. காரம் சாப்பிட்டா வரும்."

"சாப்பிடலன்னா?"

"அப்பவும் வருது."

"எப்பலேர்ந்து?"

"போன தீபாவளிக்கு முன்னாடி."

"தீபாவளியா!" சின்னத்தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது. "தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறினியே திலகா! என் பக்கத்துலதானே ஏறின?"

ராகினி திலகவதியைத் திட்டவில்லை. கையை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு வெளியே போய் டாக்டரை அழைத்துவந்தாள். அன்றே ரத்தம் எடுத்தார்கள். புருஷனுக்குக் கொடுத்த தேதிக்கு அடுத்த சில நாட்களிலேயே அவளுக்கும் தேதி கிடைத்தது.

சின்னத்தம்பிக்கு முதலில் சோதனை நடந்தது. சின்னதாக இரண்டு சதை முடிச்சு. அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள், கெட்டது ஒன்றும் இல்லை. அடுத்து அவள் முறை. வீட்டிலேயே உப்புக் கரித்த மருந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். கதவுக்கு வெளியே நின்று சின்னத்தம்பி கத்தினார்.

"இப்ப என்ன கலரு? கோப்பி ஓவா, தே தாரேக்கா?"

"அங்க போய் உக்காருங்களேன்! பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது!"

"கேக்கட்டும். நீ சொல்லு."

உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "தே தாரேக்."

சோதனை முடிந்து மயக்கம் தெளிந்த பிறகு இருவரையும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு படம். இளஞ்சிவப்புக் குடலுக்குள் கொத்தாக, ஒரு பக்கம் ரத்தம் கசிந்தபடி இருந்தது ஒரு கட்டி. புற்று மாதிரிதான் தெரிகிறது, சதையைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்றார்.

சின்னத்தம்பி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரியாதையாக, தப்பான பார்சலைத் திருப்பிக் கொடுக்கிறவரைப் போலச் சொன்னார்: "டாக்டர், பேரு மாறிப்போச்சு போல. டெஸ்ட்ல ரத்தம் வந்தது எனக்குத்தான். நல்லா பாருங்க, இது என்னோட படமா இருக்கும்."

திலகவதி அவர் சட்டையை மெல்லப் பிடித்து இழுத்தாள்.

காரில் வரும்போது அவர் வளைவைத் தவறவிட்டு எங்கோ போனார். ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலங்க" என்றாள். உண்மையும் அதுதான். அவளிடம் அதற்கான வார்த்தையே இருக்கவில்லை.

ஆபரேஷனில் குடலில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அடிக்கடி வந்து காட்ட வேண்டும் என்றார்கள். வார்டுக்குப் பார்க்க வந்த ராகினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்:

"பிள்ளைங்க எத்தனை பேரு ஆண்டி?"

"ஒரே மக. புனிதா. ஜொகூர்ல வேலை."

"அம்மாவுக்கு வந்திருக்கு இல்லையா, நாப்பது வயசுலேர்ந்து அவங்களும் ஸ்கோப், இந்தக் குழாய் டெஸ்ட், பார்க்கணும். ஏதாச்சும் தொந்தரவு இருந்தா அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது. சொல்லிடுங்க."

ராகினி போனதும் திலகவதி போனை எடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"புனிதா, உனக்கு வெளிக்குப் போறப்போ ரத்தம் போவுதா?"

தன் அம்மாவின் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று புனிதா கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

"அம்மா! நான் ஆபீஸ்ல இருக்கேன்லா!"

"இருந்தா என்ன. போவுதா இல்லையா?"

"இல்லம்மா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

பதில் மிக வேகமாக வந்தது. அந்த வேகத்தைத் திலகவதிக்கு நன்றாகத் தெரியும். களைப்பாக இருக்கிறாயே என்று யார் கேட்டாலும் தானும் இத்தனை நாள் அப்படித்தான், ஒண்ணும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்திட்டு வந்து பேசு" என்றாள். "நான் லைன்லயே இருக்கேன்."