பீரங்கி ரெங்கசாமி நிரை பிடித்த கதை

தெமோதரைப் பக்கம் உதைபந்தாட்டம் என்று பேச்செடுத்தால் ரெங்கசாமியின் பெயர் வராமல் போகாது. வேறு யாரும் சொல்லாவிட்டால் ரெங்கசாமியே சொல்லிவிடுவார். குருவிமலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து, மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றி, கடைசியில் சந்தியில் சொந்தமாக ஹாட்வெயார் கடை போட்டவர் அவர். யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்த ஆள். ஆனால் கடைக்கு வருகிறவனுக்கு ஆணி நிறுப்பதற்கு முன்னால் அவர் காட்டுவது கடையை அல்ல, கல்லாவுக்கு மேல் தொங்கும் படத்தை. அதில் தலை நிறைய முடியோடும் வெறுங்காலோடும் ஓர் இளந்தாரி, வெற்றிக் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"பீரங்கி ரெங்கசாமி! யாருன்னு தெரியுதா?" என்று கேட்பார். தெரியாது என்று சொன்னவனுக்கு ஆணி கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

பீரங்கி என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. குருவிமலை மைதானம் மலையைச் செதுக்கிப் போட்டது. ஒரு கோல் மேட்டில் இருக்கும், மற்றது பள்ளத்தில் இருக்கும். பள்ளத்துக் கோலை நோக்கி ரெங்கசாமி உதைத்த பந்தைத் தடுத்தவன் ஊவா மாகாணத்திலேயே கிடையாது. மேட்டுக் கோலை நோக்கி அவர் அடித்தவை பற்றி யாரும் பேசுவதில்லை. பேசுகிற அளவுக்கு அவை இல்லை.

"பாதிக் கோலு இவரு அடிச்சது, மீதிக் கோலு மலை அடிச்சது" என்பாள் அவர் மனைவி இராக்கம்மா. காலமெல்லாம் கொழுந்து பறித்தவள். தேவையானதை மட்டும் கிள்ளி எடுப்பது அவளுக்குக் கைப்பழக்கம், வாய்ப்பழக்கமும் அதுதான்.

அவர் தோட்டத்து உதைபந்தாட்டக் கழகத்துக்கு மனேஜரானது தன் வாயாலேயேதான். வருடா வருடம் மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து, "நான் மட்டும் இப்ப உள்ளுக்கு இருந்தா நம்ம டீம் இப்பிடி நாறுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பதில் யாரும் சொன்னதில்லை. இந்த வருடம் கழகத்தின் கப்டன் ஜெயகுமார் எழுந்து நின்றான்.

"அப்ப நீங்களே மனேஜரா உள்ளுக்கு வந்துருங்க மாமா."

கோயிலே அதிரக் கைதட்டினார்கள். ரெங்கசாமி எதிர்பார்த்திருந்தது ஒரு மாலை, முன்வரிசையில் ஒரு நாற்காலி, கௌரவத் தலைவர் என்று ஒரு பட்டம். கிடைத்தது வேலை. ஆனாலும் தோட்டத்தில் மனேஜர் என்றால் துரையல்லவா! வீடு திரும்பும்போது கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"என்னங்க, முதுகு புடிச்சுக்கிச்சா?" என்றாள் இராக்கம்மா.

முதுகு பிடிக்கவில்லை. ஆனால் அவர் தலையில் ஏறியிருந்தது லேசான பாரமும் அல்ல. குருவிமலைக் கழகம் லீக்கில் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. கடைசி இடத்தில் முடிக்கும் கழகத்தை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதோடு போனாலும் பரவாயில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த துரை, "லீக் ஆட்டம் நடக்கும்வரை கிரவுண்ட் உங்களுடையது, இல்லாவிட்டால் அதில் தேயிலை வைப்போம்" என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்கவில்லை. மேட்டுக் கோலுக்குப் பின்னால் தேயிலைக் கன்றுகள் கறுப்புப் பொலித்தீன் பைகளில் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன, ஆட்டம் பார்க்க வந்த கூட்டம்போல.

முதல் நாள் பயிற்சியில் ரெங்கசாமி தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினார்.

"பாத்துக்கங்கடா. பந்து காலுக்கு வந்தா யோசிக்கப்படாது. யோசிச்சா பந்து ஆறிப்போயிரும்."

ஓடிவந்து உதைத்தார். சப்பாத்து மட்டும் பறந்துபோய் வலைக்குள் விழுந்தது. பந்து இருந்த இடத்தில் இருந்தது.

"கோல்!" என்று கத்தினான் கோல்காப்பாளன் ரஜீவ். சப்பாத்தை மரியாதையோடு இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தான்.

அதற்குப் பிறகு ரெங்கசாமி உதைத்துக் காட்டவில்லை. மனேஜர் என்றால் மூளையால் ஆட வேண்டியவர் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கோட்டுக்கு வெளியே நின்று கவனித்தபோது அவருக்கு ஓர் உண்மை பிடிபட்டது. இந்தப் பையன்கள் பந்துக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகள்போல மொத்தமாக ஓடுகிறார்கள், ஒருவன்மேல் ஒருவன் மோதுகிறார்கள். கொழுந்து மலையில் இத்தனை பெண்கள் நிற்கிறார்கள், ஒருத்தியாவது இன்னொருத்திமேல் மோதுகிறாளா? இல்லை. ஏன்? கங்காணி காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிந்ததும் ஆளுக்கொரு தேயிலை வரிசையை நிரை பிடித்துக் கொடுத்துவிடுகிறார். அவளவள் நிரையில் அவளவள் பறிக்கிறாள்.

இந்த யோசனை உலகத்தில் இதுவரை எவனுக்கும் தோன்றியிராது என்பதில் ரெங்கசாமிக்குச் சந்தேகமே இல்லை. கடையிலிருந்து சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிவந்து, மைதானத்தை இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல்வரை நீட்டு நீட்டாகக் கோடு போட்டுப் பிரித்தார். கோல்காப்பாளனை விட்டுவிட்டு ஆளுக்கொரு நிரை. காலையில் பெரட்டு, பெயர் கூப்பிடுதல், பிறகு நிரையில் மேலும் கீழும் ஓட்டம்.

"ஒன் நெரைய விட்டு அடுத்தவன் நெரைக்குள்ள கால வெச்ச, அரைப்பேரு போட்டுருவேன்!" என்று சத்தம் போட்டார். அரை நாள் சம்பளத்தை வெட்டுகிற அந்தத் தண்டனைக்குத் தோட்டத்தில் பயப்படாதவர் இல்லை. கழகத்தில் சம்பளமே கிடையாது என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

பண்டாரவளையில் நடந்த ஆட்டத்தில் நிரைத் திட்டம் அரங்கேறியது. எதிரணிக்காரன் பந்தை இரண்டு நிரைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு வந்தான். இந்தப் பக்கத்தவன் அந்தப் பக்கத்தவனைப் பார்த்தான், அந்தப் பக்கத்தவன் இவனைப் பார்த்தான். பந்து இருவருக்கும் நடுவே மரியாதையாக நடந்து போய் வலைக்குள் விழுந்தது.

"ஏன்டா புடிக்கல?" என்று தொண்டை கிழியக் கத்தினார் ரெங்கசாமி.

"அது என் நெரை இல்லீங்க மாமா!"

அப்படியே ஆறு கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். வீட்டில் இராக்கம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"பறிச்சது எத்தன கிலோங்க?"

ரெங்கசாமி குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார். திட்டம் பிழை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ஊரெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பெருமையடித்தவர், எந்த வாயால் அழிக்கச் சொல்வார்? அடுத்த ஆட்டத்திலும் நிரையில் நின்றுதான் தோற்றார்கள். அதற்கடுத்ததிலும்.

இப்படியே கடைசி ஆட்டம் வந்தது. சொந்த மைதானம், எதிரணி பதுளை பசார் கழகம். வென்றால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம், இல்லாவிட்டால் கன்றுகள் மைதானத்துக்குள் வரும். பசார் கழகத்தின் மனேஜர் ஜுனைதீன், பதுளையில் புடவைக் கடைக்காரர். அந்தக் காலத்தில் அவர்தான் அதன் கோல்காப்பாளன். ரெங்கசாமியின் பீரங்கிக் குண்டுகள் பெரும்பாலும் விழுந்தது அவருடைய வலையில்தான்.

"என்ன மச்சான், கிரவுண்டுக்குக் கோடு போட்டீக்கியாமே?" என்று வேனிலிருந்து இறங்கும்போதே கேட்டார் ஜுனைதீன். "ஆட்டம் முடிஞ்சி எங்கட கடைக்கி வா, கோடு போட்ட சாரமும் ஈக்கி."

"ஆட்டம் முடியட்டும், சாரம் ஒனக்குத் தேவைப்படும்" என்றார் ரெங்கசாமி.

இடைவேளைக்குள் பசார் கழகம் ஒரு கோல் போட்டுவிட்டது. பையன்கள் தலையைத் தொங்கப்போட்டு வந்து உட்கார்ந்தார்கள். ரெங்கசாமி அவர்களைப் பார்த்தார், பிறகு கோலுக்குப் பின்னால் இருந்த கன்றுகளைப் பார்த்தார். முதல் தடவையாகப் பீரங்கியிலிருந்து சத்தம் வரவில்லை.

"நெரைய விட்டுருங்கடா" என்றார் மெதுவாக. "அது வேலைக்காகாது. என் புத்தி அவ்வளவுதான். இஷ்டத்துக்கு ஓடுங்க."

ஜெயகுமார் எழுந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கினான். விசில் ஊதிவிட்டது.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தெமோதரைப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. முதலில் பள்ளத்துக் கோல் மறைந்தது, பிறகு கோட்டோரத்துச் சனம் மறைந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு மனேஜர்களையும் கூப்பிட்டார்.

"கோல் தெரியுதா? தெரியாவிட்டால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆட வேண்டியதுதான்."

ஜுனைதீனுக்கு முன்னிலையை விட மனமில்லை. "எனக்கு நல்லாத் தெரியிது" என்றார், தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு.

ஆட்டத்தை நிறுத்தினால் குருவிமலைக்கு இன்னொரு வாய்ப்பு. "தெரியல" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஜுனைதீனுக்குத் தெரிகிற ஒன்று பீரங்கி ரெங்கசாமிக்குத் தெரியாமல் போவதா?

"எனக்கு வலையில உள்ள முடிச்சே தெரியுது!" என்றார்.

"அடப்பாவி மனுசா" என்றாள் பின்னால் நின்ற இராக்கம்மா. "முன்னுக்கு நிக்கிற ரெஃப்ரிக்கு இவரு கை குடுக்கப் போயி ஜுனைதீன் நானாவோட தொப்பியப் புடிக்கிறாரு!"

ஆட்டம் தொடர்ந்தது. ரெங்கசாமிக்கு முன்னால் வெள்ளைச் சுவர். தாமே கிரவுண்டைத் தேயிலைக்குத் தாரை வார்த்துவிட்டோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்போது உள்ளேயிருந்து குரல்கள் கேட்டன.

"ஜெயா, பந்து மூணாம் நெரையில!"

"நான் நாலுல நிக்கிறேன், தள்ளு!"

பையன்கள் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. கண் தெரியாத இடத்தில் கால் பழகிய இடத்துக்குத்தானே போகும்? அவனவன் தன் நிரைக்கே போய்விட்டான். மூட்டம் இறங்கினால் கொழுந்து மலையில் பெண்கள் குரல் கொடுத்துக்கொள்வார்களே, அதுபோலக் கூப்பிட்டுக்கொண்டான். பக்கத்து நிரையில் ஆள் இருப்பான் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும், பார்க்கத் தேவையில்லை. பசார் பையன்களோ தங்கள் ஆட்களையே இடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

"டேய், என்னயத் தள்றது யாரு?"

"நான்தான்டா, ஒன்ட ஆளு!"

எங்கேயோ ஒரு கூச்சல் எழும்பியது. ரெங்கசாமி துள்ளிக் குதித்தார். பிறகுதான், கோல் போட்டது யார் என்று தெரியாமல் குதித்தோமே என்று பக்கென்றது.

"நம்மதாங்க" என்றாள் இராக்கம்மா. "நம்ம பயலுக சத்தம். நல்லா குதிங்க."

பிறகு நீண்ட நேரம் குரல்கள் மட்டும். திடீரென்று இரும்புக் கம்பத்தில் 'ணங்' என்று ஓர் ஓசை. அதன்பின் ஒரு நொடி அமைதி. அந்த நொடியில் ரெங்கசாமி தமக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் பெரட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். விசில் ஊதியது. கொஞ்சம் பொறுத்து மூட்டம் விலகியபோது, பந்து பசார் கழகத்து வலைக்குள் கிடந்தது. பக்கத்தில் நடுவர் கையை உயர்த்தியபடி நின்றார். ஜெயகுமார் கோல் வாசலில் குப்புற விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டுக்கு ஒன்று. அதுவும் மேட்டுக் கோலில்! பீரங்கியே ஏறாத மேடு.

ஆட்டம் முடிந்ததும் ஜெயகுமார் ஓடிவந்தான். "மன்னிச்சுக்கங்க மாமா, நீங்க சொன்னத கேக்கல. மூட்டத்துல வேற ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல."

சுற்றி ஊரே நின்றது. ரெங்கசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நெரைய விடுங்கன்னு சொன்னது ஒரு சோதன. பாஸாயிட்டீங்க."

பிளேன்டீ குடிக்கும்போது ஜுனைதீன் அவர் காதருகில் குனிந்தார்.

"மச்சான், உண்மையச் செல்லு. ரெஃப்ரி கேட்ட நேரம் ஒனக்குக் கோல் தெரிஞ்சா?"

ரெங்கசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒரு மண்ணும் தெரியல."

"எனக்கும்தான்" என்றார் ஜுனைதீன். "அந்தக் காலத்துல ஒன்ட பந்து வரக்குள்ளயும் எனக்கு ஒண்டும் தெரியாது. கண்ண மூடிக்குவேன்."

"உதைக்கிறப்ப நானும் மூடிக்குவேன்" என்றார் ரெங்கசாமி. இரண்டு கிழவர்களும் தேநீர் சிந்தச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை டிராக்டர் வந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு கீழ்க்கணக்குக்குப் போனது. அடுத்த வருடத்துக்கும் ரெங்கசாமிதான் மனேஜர். சொந்த மைதான ஆட்டங்களெல்லாம் மூட்டம் இறங்கும் மாதங்களில் பின்னேரம்தான் நடக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

இப்போது கடைக் கல்லாவுக்கு மேல் இரண்டு படங்கள் தொங்குகின்றன. இரண்டாவது, அந்த ஆட்டத்தை ரெங்கசாமி தம் போனிலேயே எடுத்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார். முழுக்க வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் கோல் கம்பத்தின் நுனி, அல்லது அவருடைய விரல்.

"எங்க டீம் ஜெயிச்ச கோலு! தெரியுதா?" என்று வருகிறவர்களைக் கேட்கிறார். தெரியவில்லை என்று சொல்கிறவனுக்கு ஆணி கிடைக்கத் தாமதமாகும். ஜுனைதீன் மட்டும் வரும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நல்லாத் தெரியிது" என்கிறார்.