மெட்ராஸுக்குத் திரும்பாத முள்

பம்பாய் மாதுங்காவில் ரேடியோ வாங்கியவனுக்கு அவன் வீடு சொந்தமில்லை. இதை அனந்தகிருஷ்ணனிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அவர் குமாஸ்தாவாக இருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஒரு துரை தன் வீட்டுச் சாமான்களை விற்றான். மற்ற குமாஸ்தாக்கள் பீரோ, மேஜை, பீங்கான் தட்டு என்று உருப்படியாக வாங்கினார்கள். அனந்தகிருஷ்ணன் ரேடியோவை வாங்கினார். அதை மடிமேல் வைத்துக்கொண்டு, கிங்ஸ் சர்க்கிள் வரை டிராமில் வந்தார். தன் ரேடியோவோடு அவர் தனியாக இருந்தது அந்த டிராமில்தான்.

பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. பாட்டுப் பைத்தியம் ஒன்றுதான். அதிலும் விசேஷம், அவருக்குப் பாட வராது. குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட மனைவி வாலாம்பாள் வெளியிலிருந்து, "என்னன்னா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். அவருக்கு வராததெல்லாம் சேர்த்து வைத்து மகளுக்கு வந்திருந்தது. பாகீரதி காலையில் சுருதிப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் குழாயடிச் சண்டைகூடச் சற்று நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் தொடரும்.

அந்தப் பெண்ணைச் சென்னையில், சைதாப்பேட்டையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் தங்கம் முழுக்க அவர் அம்மாவின் பெட்டியில் இருந்தது. நாட்டுப்பெண் பாடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை என்று மாமியார் முதல் வாரமே சொல்லிவிட்டாள். சுருதிப்பெட்டி டிரங்குப் பெட்டிக்குள் போனது. புறப்படுவதற்கு முன் பாகீரதி ரேடியோவுக்கு ஓர் உறை தைத்து, அதில் இரண்டு கிளிகளைப் பூவேலை செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு கிளிக்குக் கண் போட மறந்திருந்தாள். அனந்தகிருஷ்ணன் ஆபீசிலிருந்து வந்ததும் அந்தக் கண்ணில்லாத கிளியைத்தான் முதலில் பார்ப்பார்.

ரேடியோ வந்தபின் கட்டடமே அவர் வீட்டுக்கு வந்தது. செட்டைச் சரிபார்த்து, மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கட்டிக் கொடுத்தவர் தாராவி மன்சூர் அலி. திருநெல்வேலிக்காரர். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, ரேடியோ எல்லாம் பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். அவர் கட்டிய கம்பியில் இரண்டாவது மாடிப் பெண்கள் புடைவை உலர்த்தினார்கள். புடைவை ஈரமாக இருக்கும்வரை மெட்ராஸ் கரகரக்கும். உலர்ந்ததும் சங்கீதம் வரும். இதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக அனந்தகிருஷ்ணனுக்குத் தெரியாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வேங்கடசுப்ரமணியனைப் பொறுப்பதுதான் கஷ்டம். மூன்றாவது மாடிக்காரர், மில் ஆபீசில் ஹெட் கிளார்க், குரல் மட்டும் மில் சங்கு. தினமும் ஆறு மணி நியூஸுக்கு முன்னால் இறங்கி வருவார். ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, குமிழ்மேல் கையை வைத்துவிடுவார். பிறகு முள் எங்கே போகவேண்டும் என்பது அவருக்கும் ஆகாசத்துக்கும் உள்ள விவகாரம். லண்டன், டில்லி, கொழும்பு என்று உலகத்தைச் சுற்றி வருவார். நடுவில் மெட்ராஸில் ஒரு ஆலாபனை காதில் விழும். அனந்தகிருஷ்ணன் நிமிர்ந்து உட்காருவார். அதற்குள் முள் சீனாவுக்குப் போயிருக்கும்.

"குமிழை எல்லாரும் தொடப்படாது ஓய். கை மாறினா செட்டு கெட்டுப்போயிடும்" என்பார் வேங்கடசுப்ரமணியன். ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டுகிற அனந்தகிருஷ்ணன் வாசல் பக்கம் செருப்புகளுக்கு அருகில் உட்கார்ந்து தலையாட்டுவார். வாலாம்பாள் எல்லோருக்கும் காபி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தாள்.

இப்படி இருக்கும்போது, நாற்பத்தெட்டாம் வருஷம் தை மாதத்தில், சைதாப்பேட்டையிலிருந்து ஒரு கல்யாணத்துக்காகப் பம்பாய் வந்த உறவுக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். பாகீரதி மெட்ராஸ் ரேடியோவில் பாடப் போகிறாள்! கிணற்றடியில் அவள் தன்னை மறந்து பாடியதை அடுத்த வீட்டுக்காரர் கேட்டாராம். அவருக்கு ரேடியோ நிலையத்தில் வேலை. ஊரார் மெச்சுவார்கள் என்பதால் மாமியார் இளகினாள். ஆனால் ஒரே தடவை. நாளும் அவளே பஞ்சாங்கம் பார்த்து ஒப்புக்கொண்டாள், வெள்ளிக்கிழமை, மங்களகரமான நாள். ஜனவரி முப்பதாம் தேதி, மாலை ஏழேகால் மணி.

மகள் குரலைக் கேட்டு அனந்தகிருஷ்ணனுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இனிமேல் கேட்கப் போவதும் இந்த ஒரு தடவைதான். ஆபீசில் சொன்னார். மார்க்கெட்டில் வாழைக்காய்க்காரனிடம் மராட்டியில் சொன்னார். தாராவிக்குப் போய் மன்சூர் அலியைக் கையோடு அழைத்துவந்து செட்டைத் திறந்து தூசி தட்டச் சொன்னார். மன்சூர் அலி ஒரு வால்வை மாற்றிப் பூட்டிவிட்டு, "இனி கிணத்தடியில நின்னு பாடுத மாதிரியே கேக்கும் சாமி. நானும் கடையில வச்சுக் கேப்பேன்" என்றார்.

வாலாம்பாள் ரேஷன் சர்க்கரையை இரண்டு வாரமாக மிச்சம் பிடித்து, அன்று பெரிய பாத்திரம் நிறையக் கேசரி கிளறினாள். கட்டடம் முழுவதும் அழைப்பு. அனந்தகிருஷ்ணன் காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சாயங்காலம் வேங்கடசுப்ரமணியனிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் முள்ளை நான் திருப்பறேனே."

"பேஷாத் திருப்பும்! உம்ம பொண்ணு, உம்ம ரேடியோ. ஆறு மணி நியூஸ் மட்டும் கேட்டுண்டு கையை எடுத்துடறேன்" என்றார் அவர் தாராளமாக.

ஆறு மணிக்கு நியூஸ் வந்தது. டில்லியில் காந்திஜியைச் சுட்டுவிட்டார்கள்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அன்று எல்லா வீட்டிலும் நடந்ததுதான். பெண்கள் வாயில் புடைவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதார்கள். மில் சங்கு போன்ற வேங்கடசுப்ரமணியன் குழந்தை மாதிரி விக்கினார். அனந்தகிருஷ்ணனும் அழுதார், பொய்யாக அல்ல. அவர் கதர் கட்டியவர் இல்லை, ஜெயிலுக்குப் போனவர் இல்லை. ஆனாலும் வீட்டுக் கூரையில் பாதி போனதுபோல் இருந்தது. வாலாம்பாள் கேசரிப் பாத்திரத்தை மூடி உள்ளே தள்ளினாள்.

"சொந்த மனுஷா போனாப்பலதான். எல்லாரும் தலை முழுகுங்கோ" என்று வேங்கடசுப்ரமணியன் எழுந்தார்.

மாடிக்கு ஒரு குளியலறை. ஒவ்வொன்றின் வாசலிலும் வரிசை நின்றது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. வரிசையில் நின்றபோதுதான் அனந்தகிருஷ்ணனுக்கு அந்த நினைப்பு வந்தது. ஏழேகாலுக்கு இனிமேல் பாட்டு எங்கே இருக்கப் போகிறது? நினைத்த மாத்திரத்தில் வெட்கம் பிடுங்கித் தின்றது. உலகமே அழுகிற நேரத்தில் இது ஒரு கவலையா, சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தண்ணீரோடு நினைப்பு போகவில்லை.

ஈரத் துணியோடு எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ரேடியோ டில்லி பேசியது. தலைவர்கள் பேசினார்கள். குமிழ்மேல் வேங்கடசுப்ரமணியனின் கை இருந்தது. ஏழேகால் வந்தது, போயிற்று. பேச்செல்லாம் முடிந்து டில்லியில் பஜனை ஆரம்பித்தது. மெட்ராஸிலும் இப்படி ஏதாவது பாடுவார்களோ? பாகீரதி நிலையத்துக்கு வந்திருப்பாளே, பாதி வழியில் திரும்பிப் போயிருப்பாளோ? ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், ஒரே ஒரு தடவை. 'சித்தே மெட்ராஸ் வையுங்கோ' என்ற மூன்று வார்த்தை அவர் தொண்டைவரை வந்து நின்றது. கேட்டால் இத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். மகாத்மா போன அன்றுகூட இவருக்குப் பெண்ணின் பாட்டுத்தான் பெரிதாகப் போயிற்று என்பார்கள். அவர்கள் நினைப்பது உண்மையாகவும் இருக்கும். அதுதான் தாங்காது.

அப்போது உள்ளிருந்து வாலாம்பாள் தலையை நீட்டி, மெதுவாகத்தான் கேட்டாள். "ஏன்னா, ஒரு தடவை மெட்ராஸ் வெச்சுப் பாருங்கோளேன்."

"அறிவிருக்கா உனக்கு? எந்த நேரத்திலே என்ன பேச்சு!" என்று அனந்தகிருஷ்ணன் சீறினார்.

முப்பது வருஷத்தில் அவர் அவளைப் பத்துப் பேர் எதிரில் அப்படிச் சொன்னதில்லை. வேங்கடசுப்ரமணியன், "சரியாச் சொன்னீர்" என்று தலையசைத்தார். வாலாம்பாள் தலையை இழுத்துக்கொண்டாள். முள் டில்லியிலேயே இருந்தது.

காந்திஜியின் சாம்பல் கரைகிறவரை ஆபீசும் மனசும் ஓடவில்லை. ஊர் கொஞ்சம் அடங்கியதும் ஒருநாள் மத்தியானம் மன்சூர் அலி வந்தார். வாசலில் செருப்பை விடும்போதே பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

"சாமி, உங்க மவ பாட்டக் கேட்டு எங்க வீட்டுல அழுத அழுகை இருக்கே! நீங்க எப்படித்தான் தாங்குனியளோ!"

அனந்தகிருஷ்ணனின் வாய் மட்டும், "ம்" என்றது.

மன்சூர் அலி தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சுட்டவன் யாருன்னு தெரியுதவரைக்கும் தாராவியில எங்க உசிரு எங்ககிட்ட இல்ல சாமி. கடைய அடைச்சிட்டு உள்ள உக்காந்து, ரேடியோவ ரொம்ப மெல்ல வச்சிருக்கேன். டில்லிக்காரன் சொல்லிட்டான், சுட்டவன் முஸ்லிம் இல்லன்னு. எனக்கு வெளங்கிட்டு. எங்க வீட்டுக்காரி சபுராவுக்கு இந்தி அவ்வளவு ஓடாதுலா, நம்ப மாட்டேன்னுட்டா. தமிழ்ல சொல்லட்டும், அப்பத்தான் நம்புவேன்னா. அதுக்காவத்தான் மெட்ராஸுக்குத் திருப்புனேன். தமிழ்லயும் சொன்னான். அதுக்குப் பொறவு ஒரு ராமர் பஜனை, பாடுதது பாகீரதின்னான். இது நம்ம அய்யர் மவல்லா, ஏழேகாலுக்குப் பாட வந்த பிள்ளைய இருக்கச் சொல்லி பஜனை பாட விட்டிருக்கான்னு சபுராகிட்டச் சொன்னேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

கேட்கவில்லை என்று சொல்ல அனந்தகிருஷ்ணனால் முடியவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கிளையைத் தேடினார். "எங்க செட்டிலே கொஞ்சம் கரகரப்பு. சரியாக் கேக்கலை. உங்களுதுலே எப்படி இருந்தது?"

"எனக்கு என்ன சாமி பாட்டு தெரியும்? ஆனா பக்கத்துல இருந்து சொல்லுத மாதிரி இருந்துச்சு. ரெண்டு எடத்துல பிள்ளைக்குத் தொண்ட அடைச்சிட்டு. அழுதுருக்கும். நிறுத்தாமப் பாடி முடிச்சிட்டு. அன்னைக்கு ராத்திரி அதக் கேட்ட பொறவுதான் எங்க வீட்டுல பிள்ளைகளுக்குச் சோறு போட்டா சபுரா." சொல்லிவிட்டு மன்சூர் அலி எழுந்தார். "கரகரப்புன்னா சொன்னிய? இருங்க பாத்துருவோம்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் கிளி உறையை மடித்து வைத்துவிட்டு, செட்டின் முதுகைக் கழற்றிவிட்டார். வால்வைத் தட்டிப் பார்த்தார், மாடி ஏறி ஏரியலைப் பார்த்துவிட்டு வந்தார். முள்ளை மெட்ராஸுக்குத் திருப்பினார். யாரோ ஒருவர் பயிர்களுக்கு உரம் போடுவது பற்றி வெகு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான சாமி இருக்கு" என்றார் மன்சூர் அலி. அனந்தகிருஷ்ணன் முகத்தைப் பார்த்தவர், அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

வாலாம்பாள் வெளியே வந்து தரையைப் பெருக்கினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பாகீரதியின் கார்டு வந்தது. சௌக்கிய விசாரணைக்குப் பிறகு அவள் எழுதியிருந்தாள்: 'அப்பா, என்னைப் போக விடாமல் இருக்கச் சொல்லி, கடைசியில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். நீங்களும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பாடினேன். நான் பாடப் புறப்பட்ட வேளைதான் இப்படி ஆயிற்று, அபசகுனம் என்று மாமியார் சொல்லிவிட்டார். இனிமேல் வீட்டில்கூடப் பாட வேண்டாம் என்று உத்தரவு. சுருதிப்பெட்டியை யாருக்கோ கொடுத்தாயிற்று. நீங்கள் கேட்டீர்களா அப்பா? அது போதும் எனக்கு.'

சம்பந்தி அம்மாளுக்கு எழுதிச் சண்டை போடலாம். போட்டால் அடி வாங்குவது பெண். ரயிலேறிப் போய் அழைத்து வரலாம். வந்து? பாட்டுப் பாடியதற்காக வாழாவெட்டியாக வந்தாள் என்று மாதுங்காவே பேசும். அனந்தகிருஷ்ணன் கார்டை வைத்துக்கொண்டு எத்தனையோ யோசித்தார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான் இருந்தது.

கடைசியில் ஒரு புதுக் கார்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார். 'கேட்டோம். ரொம்ப நன்றாக இருந்தது' என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

"நன்னா இருந்ததுன்னு மட்டும் எழுதினா நம்ப மாட்டா" என்றாள் வாலாம்பாள், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. அவர் சீறிய அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. "ரெண்டு இடத்திலே தொண்டை அடைச்சுண்டுதே, நீ அழுதியோன்னு எழுதுங்கோ. அப்பத்தான் கேட்டோம்னு நம்புவா."

அப்படியே எழுதினார். எழுத்து நேராக வந்தது, அதுவே அவருக்கு ஆச்சரியம். கார்டின் ஓரத்தில் ஒரு வரிக்கு இடம் இருந்தது. வாலாம்பாள் சொல்லாமலே அதிலும் நுணுக்கி எழுதினார்: 'முள்ளை நானே மெட்ராஸுக்குத் திருப்பி வைத்தேன்.'

மாடிப்படியில் வேங்கடசுப்ரமணியனின் செருப்புச் சத்தம் கேட்டது. ஆறு மணி ஆகப் போகிறது. அனந்தகிருஷ்ணன் கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாய்வு நாற்காலியை ரேடியோ பக்கத்தில் இழுத்துப் போட்டார்.