புளோரீன் பக்கத்தில் நிற்கும்போது

எங்கள் வீட்டில் மாலைச் செபம் முடிந்தாலும் யாரும் உடனே எழும்புவதில்லை. திரு இருதயப் படத்துக்குக் கீழே மகள் ஆவர்த்தன அட்டவணையை ஒட்டியிருக்கிறாள். முழங்காலில் நின்றபடியே நான் அதிலுள்ள பெயர்களை வாசிப்பேன். அவள் ஒட்சியேற்ற எண்ணைச் சொல்வாள். சோடியம் என்றால் பிளஸ் ஒன்று. மக்னீசியம் என்றால் பிளஸ் இரண்டு. ஒட்சிசன் என்றால் மைனஸ் இரண்டு. மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்கிற அதே இழுவை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே மனைவியும் சேர்ந்து சொல்வாள்.

நான் படிப்பில் சாதாரண தரத்தோடு நின்றவன். கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பகல் முழுக்க நின்று, வத்தேகம பஸ்ஸிலும் நின்றே வருகிறவன். என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். போன முறை உயர்தரப் பரீட்சையில் அவளுக்கு இரசாயனவியல் தவறிவிட்டது. இந்த முறையும் சரிவராது போலிருந்தால் பரீட்சைக்கே போகாமல் டவுனில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரரும் வரச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் நான் வரும்போது செபத்துக்கு விளக்கேற்றியிருக்கவில்லை. பயிற்சிப் பரீட்சைத் தாள் மேசையில் கிடந்தது. ஓர் ஒட்சிசனும் இரண்டு புளோரீனும் சேர்ந்த ஒரு சேர்வை. ஒட்சிசனுக்கு மைனஸ் இரண்டு என்று எழுதி, கணக்குச் சரிவர வேண்டுமே என்று புளோரீனுக்குப் பிளஸ் ஒன்று போட்டிருந்தாள். குறுக்கே சிவப்புக் கோடு.

"நாளைக்கு நான் கடைக்குப் போறேன்பா."

"ஒட்சிசன் மைனஸ் ரெண்டுதானேம்மா? ஒங்கம்மாவே சொல்லுவாளே."

"அதான் பிழை. அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மார்க்ஸ்தான்." சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

எனக்குக் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும், "எதுனால பிழை? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு," என்றேன். ஆண்டவர் அறிய, தெரியாமல்தான் கேட்டேன்.

அவள் எழுந்து அட்டவணையில் விரலை வைத்தாள். "வலப்பக்கம் போகப்போக இலத்திரனை இழுக்கிற பலம் கூடும். மேல போனாலும் கூடும். வலது ஓரத்து வரிசைய விட்டுருங்க, அது லேசுல யாரோடயும் சேராது. அதுக்கு முந்தின வரிசையில, உச்சியில, புளோரீன். இதவிட இழுக்கிறவன் இல்ல. ஒட்சிசன் மத்தவங்ககிட்ட இழுப்பான். புளோரீன் பக்கத்துல நின்னா குடுத்துருவான். அப்ப ஒட்சிசன் பிளஸ் ரெண்டு. ரெண்டு புளோரீனுக்கும் மைனஸ் ஒண்ணு, ஒண்ணு."

"எடுத்தவனுக்கு ஏம்மா மைனஸ்?"

"இலத்திரனே மைனஸ்தானப்பா. அது வந்து சேர்ந்தா மைனஸ்."

"நல்ல வில்லங்கம்!" என்றாள் மனைவி குசினியிலிருந்து.

மகள் அட்டவணையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பேரைக் கேட்டதும் பதில் சொல்ல இது மன்றாட்டு இல்லப்பா. பக்கத்துல யாருன்னு பார்க்கணும்."

விளக்கேற்றினோம். செபமாலையின் நடுவில் எனக்குக் கண் சொருகியது. ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். முடிந்ததும் வழக்கம்போல "ஒட்சிசன்" என்றேன்.

"யாரோட?" என்று கேட்டாள் மகள்.

"ஐதரசனோட. தண்ணியில."

"மைனஸ் ரெண்டு."

"புளோரீனோட?"

"பிளஸ் ரெண்டு!" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

காலையில் நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது மகள் வாசலில் நின்றாள். "அப்பா, அந்தக் கடையில சொல்லிருங்க. பரீட்சை முடியட்டும்னு."

தேறுவாளா, தெரியாது. இப்போது ஒவ்வொரு பெயரோடும் பக்கத்துப் பெயரையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருக்கிறது. முழங்காலை விட்டு எழும்ப இன்னும் நேரமாகிறது.