செல்லப்பா திரி வைத்த காலை

1929 ஜனவரி 7: நாட்கூலி ரூபா 1.10
1931 மார்ச் 2: 85 சதம்
1932 ஜூன் 6: 60 சதம், வாரத்தில் நான்கு நாள்
1933 பெப்ரவரி 13: வேலை இல்லை

இது வெடிக்காரர் செல்லப்பாவின் கூலி. கண்டிப் பக்கம் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் இருந்த கற்குவாரியில் அவர் பாறைக்கு வெடி வைத்தார். நான் அங்கே கிளார்க். கண்டி நகரின் மஹய்யாவையில் பத்தொன்பது வருடம் இருந்தும் ஒருவரையும் அடித்தறியாத மனிதர், ஆட்கள் இருந்த கட்டடத்துக்கு எப்படித் திரி வைத்தார்? இன்றுவரை என்னை விடாத கேள்வி இது.

றப்பர், தேயிலை விலை விழுந்தது. வீதி வேலை நின்றது. கல் வாங்க ஆளில்லை. ஒப்பந்தக்காரர் முதலில் இந்தியாவில் பிறந்தவர்களையே நிறுத்தினார். மற்றவர்களை நிறுத்தினால் அவர்களிடம் வாக்கு வாங்கியவர்கள் கேள்வி கேட்பார்களாம்.

வேலையும் இல்லை, வாக்கும் இல்லை என்றால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று செல்லப்பா பயந்தார். நிலையாகக் குடியிருப்பவர் என்று காட்டினால் வாக்காளர் பட்டியலில் பேர் ஏறும். என் மேசைக்கு வந்தார்.

“ஐயா, நான் இங்கனயே இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“ஒப்பந்தக்காரர் கையெழுத்து வேணுமே, செல்லப்பா.”

“இந்த மலையில பாதிய நான்தான் தின்னுருக்கேன். அதுக்கும் சாட்சியா?” என்று சிரித்தார்.

நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒப்பந்தக்காரர் தொடவேயில்லை. அந்த வாரம் துண்டுப்பிரசுரம் கொடுத்துத் திரிந்த யாழ்ப்பாணத்து ராஜரத்தினம், தேத்தண்ணிக் கடையில் செல்லப்பாவிடம் சொன்னாராம்: “மனு குடுத்தா குப்பைக்குத்தான் போகும். ஒருக்காச் சத்தம் கேட்டாத்தான் திரும்பிப் பார்ப்பினம்.”

மார்ச் 1, காலை பத்து இருபது. குவாரி அலுவலகமான கந்தோருக்குள் நாங்கள் நால்வர். வெளியே ஒரு குரல்:

“வெடீ! வெடீ! வெடீ!”

குவாரியில் அந்தக் கூவல் மூன்று முறை கேட்டால் யாரும் யோசிப்பதில்லை, கால் ஓடிவிடும். ஒப்பந்தக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். கந்தோரின் பின்சுவர் வெடித்துச் சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

வழக்கமாக ஒதுங்கும் பலாமரத்தடியில் செல்லப்பா நின்றார். பதினெட்டு வருடம் செய்தது போலவே விரல் நீட்டித் தலைகளை எண்ணினார்.

“எல்லாரும் வந்துட்டீங்களா?”

“வச்சதும் நீ, கூவினதும் நீயா!” என்று ஒப்பந்தக்காரர் கத்தியபோதுதான், தான் கூவியது செல்லப்பாவுக்கே விளங்கியது. பொலிஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நான்கு வருடச் சிறை. அவரைத் தெரியவே தெரியாது என்றார் ராஜரத்தினம். ஏன் வைத்தீர்கள் என்று சிறைக்கு எழுதிக் கேட்டேன். முதல் பதில், “பசி.” மறு வருடம், “பசி எல்லாருக்கும்தானே இருந்துச்சு. அது மட்டுமில்லே.”

விடுதலையானதும் கப்பலேற்றினார்கள். திருச்சிப் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பின் நான் எழுதிய இரண்டும் திரும்பி வந்தன. வந்த அந்த ஒரு கடிதத்தில் இருந்தது இவ்வளவே:

“ஐயா, அந்தக் காகிதத்த வாங்கி வச்சிக்கிறேன்னு ஒருத்தரு சொல்லியிருந்தாக்கூடத் திரி வைக்கப் போயிருக்க மாட்டேன். கூவணும்னு நெனக்கல, வாய் தானாக் கூவிருச்சு. இங்க என்னயக் கண்டிக்காரன்னுதான் சொல்றாங்க. திரும்ப வர விடுவாங்களான்னு கேட்டு எழுதுங்க.”

கிடைத்த திகதி: 1938 ஆகஸ்ட் 9.